மேலே ஒன்றையும் தொடுவதில்லை

முதலில் மன்னிக்கவேண்டும். எழுதுவதற்கு எனக்கு ஒரு தகுதியும் இல்லை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. வேலைத்தலத்தில் வாய் திறக்கவே கூச்சப்பட்டவன் நான். கூட்டத்தில் எங்கள் முதலாளி மதாம் என் பக்கம் திரும்பினால் குனிந்து என் சப்பாத்தைப் பார்ப்பேன். போன மாதம் இடுப்பு முற்றாகக் கைவிட்டதால், ஐம்பத்தாறு வயதில் வேலையிலிருந்து ஓய்வுபெற்றேன். அடுத்த கிழமையே புதிதாகச் சேர்ந்த நீங்கள் நாலு பேரும், மூன்று தம்பிமாரும் ஒரு தங்கச்சியும், வீட்டுக்கு வந்து, "அண்ணை, உங்கடை அனுபவத்தை எழுதித் தாங்கோ" என்று கேட்டீர்கள். நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கவேண்டும். அதையும் சொல்லக் கூச்சமாக இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

பீப்பாவை எப்படிக் கழுவுவது, குழாயை எப்படிப் பூட்டுவது என்பதெல்லாம் சுவரில் படத்தோடு ஒட்டியிருக்கிறது. அவற்றை நான் எழுதப்போவதில்லை. சுவரில் ஒட்டமுடியாத ஒன்றை எழுதுகிறேன். அது என் பிழை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நான் பியர் குடிப்பதில்லை. எட்டு வருடத்தில் ஒரு மிடறுகூட விழுங்கியதில்லை. முகர்ந்து பார்ப்பேன், வாயில் வைத்துத் துப்புவேன். ஆகவே எங்கள் பியரின் பெருமையைப் பற்றி நான் ஏதாவது சொன்னால் அளவோடு நம்புங்கள். மதாம் இதையும் விளம்பரமாக்கிவிட்டார். பார்க்க வருபவர்களிடம், "எங்கள் பீப்பாக்களைக் கலப்பவர் குடிப்பதேயில்லை" என்பார். அவர்கள் ஏதோ துறவியைக் கண்டதுபோல என்னைப் படம் எடுப்பார்கள். என் மனைவிக்கு இந்தப் பெருமை எதுவும் வேண்டாம். கோயிலில் யாராவது கேட்டால், "அவர் வினாகிரிக் கொம்பனியிலை வேலை" என்று சொல்லிவிடுவாள். அவள் வாய்முகூர்த்தம் பலித்து, பியர் கெட்டுப்போகப் பார்த்த கதைதான் இது.

நீங்கள் வேலை செய்யும் கட்டடம் முன்பு எங்கள் ஆட்களின் சாமான் கிடங்கு. பாரிஸ் லா ஷப்பல் தெருத் தமிழ்க் கடைகளுக்கு அரிசியும் பருப்பும் தேங்காய்ப்பால் டின்னும் இங்கிருந்துதான் போகும். நானும் தவம் அண்ணையும் மூட்டை இறக்கினோம். அதற்கும் முன்பு, யாருக்கும் நினைவில்லாத ஒரு காலத்தில், அங்கே பியர் வடித்தார்களாம். கிடங்கு புறநகருக்குப் போனபோது அந்த முதலாளி லொறியில் ஏற்றக்கூடிய எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார். துருப்பிடித்த இரும்பு அலுமாரிகளும் நாங்கள் இருவரும் மிஞ்சினோம். கட்டடத்தை எடுத்த மதாம் அலுமாரிகளை எறிந்துவிட்டு எங்களை வைத்துக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் யோசித்துப் பார்த்துவிடுவாரோ என்று பயம்.

மதாமுக்கு அப்போது முப்பத்துநாலு வயது. என்னை விடப் பதினாலு வயது இளையவர். பேப்பரில் குடும்பப் பெயர் என்று இருந்த இடத்தில் என் அப்பாவின் பெயர் இருந்ததால், முதல் நாளே என்னை "மிஸ்யூ கந்தையா" என்று கூப்பிட்டார். திருத்தக் கூச்சமாக இருந்தது. ஆகவே இந்த வேலைத்தலத்தில் எட்டு வருடமாகப் பாராட்டு வாங்கியதும் ஏச்சு வாங்கியதும் என் அப்பாதான். அவர் சாகும்வரை பிரான்சைக் கண்டதில்லை.

பிரசல்ஸ் பக்கத்தில் லம்பிக் என்று ஒரு பழைய வகைப் பியர் உண்டு. அந்தப் பெயர் அந்த ஊருக்குச் சொந்தம். அதனால் நாங்கள் அதைப் போத்தலில் எழுதுவதில்லை, வாயால் சொல்வதோடு சரி. மதாம் அங்கே நாலு வருடம் படித்துவிட்டு, எங்கள் கட்டடத்திலும் முன்பு இதே முறையில்தான் வடித்தார்கள் என்று ஏதோ பழைய தாளில் கண்டு, அதைத் திரும்ப உயிர்ப்பிக்க வந்தவர். இந்தப் பியருக்கு ஈஸ்ட் போடுவதில்லை. தானியத்தைக் கொதிக்கவைத்து, அந்தக் கொதிநீரை மேல்மாடியில் உள்ள அகலமான செப்புப் பாத்திரத்தில் ஓர் இரவு திறந்து வைப்பார்கள். கூரையின் கீழுள்ள பலகைச் சன்னல்களால் குளிர்காற்று வரும். காற்றிலும் சுவரிலும் தூசியிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதில் விழும். மறுநாள் அதைப் பழைய மரப் பீப்பாக்களில் அடைத்தால் தானாக நுரைக்கத் தொடங்கும். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று வருடம் காத்திருக்கவேண்டும். நானும் தவம் அண்ணையும் எங்களுக்குள் கொதிநீரைக் கஞ்சி என்றும், செப்புப் பாத்திரத்தைத் தாம்பாளம் என்றும் சொல்வோம். இப்போது மதாமும் அப்படியே சொல்கிறார். அவர் "தம்பாளாம்" என்பார்.

அந்த முதல் வருடம் பதினாலு பீப்பாதான். கட்டடத்தின் சொந்தக்காரருக்கு இந்தப் பியர்க் கதையில் நம்பிக்கை இல்லை. ஒரு குளிர்காலம் பார்ப்பேன், பியர் வரவில்லை என்றால் கட்டடத்தைத் திருப்பித் தரவேண்டும், அங்கே ஹோட்டல் கட்டலாம் என்று சொல்லியிருந்தார். பதினாலு பீப்பா நுரைத்தால் மதாமுக்கு ஒரு வேலைத்தலம் இருக்கும். நுரைக்காவிட்டால் ஒன்றுமில்லை. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

இனி என் பிழை.

ஒக்டோபர் தொடக்கம். முதல் கொதிப்பு வியாழக்கிழமை என்று முடிவாகியிருந்தது. அதற்கு முன்னர் பழைய பீப்பாக்களைப் பார்த்து எடுக்க மதாம் பிரசல்ஸுக்குப் போனார். திங்கட்கிழமை கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் புறப்படும்போது கழுத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"மிஸ்யூ கந்தையா, கீழே எல்லாவற்றையும் நன்றாகக் கழுவுங்கள். மேலே, *ஓன் நு தூஷ் ஆ ரியன்*."

எனக்கு வார்த்தைகள் எல்லாம் விளங்கின. மேலே ஒன்றையும் தொடுவதில்லை.

இப்போது நீங்களே சொல்லுங்கள். எங்கள் வீடு ஒன்றில் ஒரு பெண் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "இந்த வீட்டிலை ஒருத்தரும் ஒண்டையும் தொடுறேல்லை" என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? ஒருவரும் ஒரு வேலையும் செய்வதில்லை, எல்லாம் அப்படியே கிடக்கிறது, எழும்பிப் போய்ச் செய் என்று அர்த்தம். என் மனைவி இதைக் கிழமைக்கு மூன்று தடவை சொல்கிறாள். நான் மூன்று தடவையும் எழும்பிப் போகிறேன். மதாமும் அதைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். வெட்கமாகவும் இருந்தது. இத்தனை மாதம் அந்த மேல்மாடியைப் பார்த்தும் பாராமல் இருந்திருக்கிறேனே, ஒரு பெண் வாய் திறந்து சொல்லவேண்டி வந்துவிட்டதே என்று.

அது சரஸ்வதி பூசை வாரமும்கூட. ஆயுதங்களைக் கழுவிப் பொட்டு வைக்காமல் ஒரு புது வேலையைத் தொடங்கலாமா?

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு தும்புத்தடியும் இரண்டு வாளியும் ஒரு பெரிய கலன் கிருமி கொல்லும் ஜவெல் தண்ணீரும் கொண்டு மேலே ஏறினேன். சுவர் முழுக்கக் கறுப்பு. உத்தரங்களில் சிலந்தி வலை சேலைபோலத் தொங்கியது. நான் வேலையில் கெட்டிக்காரன் இல்லை, ஆனால் கழுவுவதில் கெட்டிக்காரன். பலகைச் சன்னல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். சுவரை மூன்று தரம் ஜவெலால் தேய்த்தேன். இரண்டு பெரிய சிலந்திகளை மட்டும் கொல்ல மனமில்லாமல் குப்பை அள்ளும் தட்டில் ஏந்திக்கொண்டு போய் முற்றத்தில் விட்டேன். பின்னேரம் தவம் அண்ணை வந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"என்னடாப்பா இது, ஆசுப்பத்திரி மாதிரிக் கிடக்கு!"

"மதாம் சொன்னவ, அண்ணை."

"நல்ல மனுசி. முந்தின முதலாளி கக்கூசைக்கூடக் கழுவச் சொன்னதில்லை."

தாம்பாளத்துக்கும் கீழே கொதிகலனுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். தவம் அண்ணை சாம்பிராணி போட்டார். ஜவெல் மணம் தெரியாமல் போய்விட்டது. கடலையும் அவலும் சாப்பிட்டுவிட்டு, நிறைவோடு ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையம் வரைக்கும் நடந்துபோய்ப் பிரிந்தோம்.

வியாழக்கிழமை மதாம் பீப்பாக்களோடு வந்தார். வந்ததிலிருந்து கொதிகலனை விட்டு நகரவில்லை. மேலே குழாயைப் பிடிப்பதும் சன்னலைத் திறப்பதும் எங்கள் வேலை. மாலை ஆறு மணிபோலக் கஞ்சி மேலே ஏறியது. மாடி முழுக்க ஆவி. வேலை முடிந்து கீழே வந்தோம். மதாம் முகம் சிவந்து, தலைமயிர் ஈரமாகி, கலியாண வீட்டில் சமையல் முடித்தவர்போல ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். கொதிகலனில் இருந்த குங்குமத்தைப் பார்த்து, "இது அதிர்ஷ்டத்துக்கா?" என்று கேட்டார். தவம் அண்ணை ஓம் என்றார்.

"நல்லது. ஆனால் உண்மையான அதிர்ஷ்டம் மேலே இருக்கிறது" என்றார் மதாம். "அந்தச் சுவரில் இருக்கும் கறுப்பு, பழைய தூசி, வலை. அதுதான் எங்கள் ஈஸ்ட். எத்தனையோ வருடமாக எங்களுக்காகக் காத்திருக்கிறது. அந்தச் சிலந்திகளும் என் ஊழியர்கள்தான். பியரைக் கெடுத்து வினாகிரி ஆக்கும் ஈக்களை அவைதான் பிடிக்கின்றன. சம்பளம் கேட்காத ஊழியர்கள்!"

அந்த ஊழியர்கள் இரண்டு பேரையும் நான் செவ்வாய்க்கிழமை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தேன்.

தவம் அண்ணை என்னைப் பார்த்தார். நான் சப்பாத்தைப் பார்த்தேன். அந்த நிமிடத்தில் சொல்லியிருக்கவேண்டும். கஞ்சி இன்னும் சூடாக இருந்தது. அவர் எதையாவது செய்திருக்கலாம். ஆனால் ஒரு மனிதர் அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்போது குறுக்கே பேச எனக்கு வரவில்லை. கூச்சம் என்று இதைத்தான் சொல்கிறோம். பார்ப்பதற்கு மரியாதைபோல இருக்கும்.

வீட்டுக்குப் போனதும் மகளிடம் கேட்டேன். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது, இங்கே பிறந்தவள், என்னைப் பிரெஞ்சுக்காரர்போலப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். மதாம் சொன்னதை அப்படியே சொல்லிக் காட்டினேன்.

"அது தடை, பாப்பா. தொடக்கூடாது."

"அப்ப ஏன் தொடாதை எண்டு சொல்லேல்லை? தொடுறேல்லை எண்டெல்லோ சொன்னவ."

"அது பொலி. மரியாதையாச் சொல்லுறது." பிறகு என் உச்சரிப்பைத் திருத்திவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

மறுநாள் காலை மதாம் கீழிருந்த குழாயைத் திறந்து கஞ்சியைப் பீப்பாக்களுக்கு இறக்கினார். மேலே போகவேண்டிய தேவை அவருக்கு வரவில்லை. மேலே போகவேண்டிய எல்லா வேலைக்கும் நான் முந்திக்கொண்டு ஓடினேன். என்னைப்போல ஒரு சுறுசுறுப்பான ஆளைத் தான் கண்டதில்லை என்று மதாம் சொன்னார்.

மூன்றாம் நாளிலிருந்து நுரையை எதிர்பார்த்தோம். வரவில்லை. ஐந்தாம் நாள் இல்லை. எட்டாம் நாள் இல்லை. மதாம் காலையில் வந்ததும் கோட்டைக் கழற்றாமலே பீப்பா பீப்பாவாகக் காதை வைத்துக் கேட்பார். வைத்தியர் நெஞ்சில் குழல் வைப்பதுபோல இருக்கும். பதினாலையும் கேட்டுவிட்டுக் கோப்பி போடப் போவார். ஒவ்வொரு நாளும் அவருடைய கோப்பி கறுத்துக்கொண்டே போனது.

சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் கிட்டப் போனேன். ஆனால் எனக்கும் ஒரு சிக்கல் இருந்தது. அந்த மாதம் என் வதிவிட அட்டை முடிகிறது. புதுப்பிக்க பிரெஃபெக்தூர் அலுவலகத்தில் அடுத்த வியாழக்கிழமை ரொந்தெவு, அதாவது நேரம், குறித்துத் தந்திருந்தார்கள். அதற்கு, இந்த ஆள் என்னிடம் வேலை செய்கிறார், தொடர்ந்தும் செய்வார் என்று மதாம் கையெழுத்திட்ட தாள் வேண்டும். தாள் இல்லையென்றால் அட்டை இல்லை. அட்டை இல்லையென்றால் மனைவியும் மகளும் நானும் கூசேன்வில் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான்.

தவம் அண்ணை தெளிவாகச் சொன்னார். "தம்பி, முதல்லை கையெழுத்தை வாங்கு. பிறகு வாயைத் திற."

"அது சரியில்லையே, அண்ணை."

"சரி பிழை பாக்கிறதுக்கும் அட்டை வேணும். அட்டை இல்லாதவன் நியாயம் கதைச்சா ஆர் கேப்பினம்?"

தவம் அண்ணை கெட்டவர் இல்லை. பதினெட்டு வருடம் தாள்களுக்குப் பின்னால் அலைந்த மனிதர்.

ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை மதாம் தாளில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு ஒரு நிமிடம் யோசித்து, அச்சடித்த வரிகளுக்குக் கீழே தன் கையால் இன்னொரு வரியும் எழுதினார். வீட்டுக்கு வந்து மகளிடம் வாசிக்கக் கொடுத்தேன். "இவரை நான் முழுமையாக நம்புகிறேன், இந்த நாட்களில் நான் நம்பும் ஒரே விஷயம் இவர்தான்" என்று எழுதியிருந்தது. மகள், "வாவ், பாப்பா" என்றாள். மனைவி அதை சுவாமிப் படத்துக்குக் கீழே வைத்தாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் சுவாமி அறைக்குள் போகவில்லை.

திங்கட்கிழமை காலை, படியெடுத்து வரச்சொல்லி மனைவி தாளை என் சட்டைப் பைக்குள் வைத்தாள். வேலைக்குப் போனபோது மேசையில் இரண்டு பொருட்கள் இருந்தன. ஒன்று, வெள்ளிப் பையில் அடைத்த ஈஸ்ட் பொதி. மற்றது ஓர் உறை. கட்டடச் சொந்தக்காரரின் விலாசம் அதில் இருந்தது.

அன்று மதாம் பீப்பாக்களில் காது வைக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"பெல்ஜியத்தில் என் ஆசிரியரோடு பேசினேன்" என்றார். "இதற்கு மேல் காத்திருந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும் என்கிறார். பின்னேரம் ஈஸ்டைப் போடுகிறோம். சாதாரணப் பியராவது வரட்டும். இந்த இடத்தின் காற்றில் உயிர் இல்லை. ரயிலும் வண்டிப் புகையும்தான். நான் பிழையான இடத்தைத் தேர்ந்துவிட்டேன். டிசம்பரோடு கட்டடத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று எழுதிவிட்டேன். உங்கள் இருவருக்கும் வேறு வேலை தேடித் தருவேன்."

தவம் அண்ணை, "பாவம் மனுசி" என்று தமிழில் சொன்னார்.

தம்பிமாரே, தங்கச்சி, நான் எழுத வந்தது இந்த இடத்தைத்தான். அதுவரைக்கும் என் பிழையை என் பிழை என்றே நினைத்திருந்தேன். மறைத்தால் நானும் கடவுளும் பட்டுக்கொள்வோம் என்று நினைத்திருந்தேன். ஆனால் நான் பேசாமல் இருந்த பன்னிரண்டு நாளும் மதாம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார், அந்தக் கணக்கில் ஓர் எண் குறைவு. அவர் கெட்டிக்காரர், சரியாகத்தான் யோசித்தார். ஆனால் தெரியவேண்டியதைத் தெரியாமல் யோசித்தார். ஒரு நல்ல இடத்தைக் கெட்ட இடம் என்று கைவிடப்போனார். பிழை விடுவது வேலையில் ஒரு பங்கு. அதை மறைத்தால், அடுத்தவர் பிழையான காரணத்தை வைத்துக்கொண்டு முடிவெடுப்பார். எங்கள் தொழிலில் ஒரு முடிவின் பலன் தெரிய மூன்று வருடம் ஆகும். அதுவரை அந்தப் பிழை பீப்பாவுக்குள்ளேயே கிடக்கும்.

இவ்வளவும் அன்று எனக்குத் தோன்றவில்லை. அன்று எனக்குத் தோன்றியது, அந்த உறை தபாலுக்குப் போகக்கூடாது என்பது மட்டும்தான்.

என்னிடம் உள்ள பிரெஞ்சு, கடையில் அரைக் கிலோ கரட் வாங்கப் போதும். சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேசையில் உறைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"மதாம், காற்று நல்லது. நான் கெட்டது."

"என்ன?"

"மேலே. நான் கழுவினது. ஜவெல். எல்லாம்."

மதாம் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி மேலே ஓடினார். நான் பின்னால் போனேன். வெளியே வெயில். பலகைச் சன்னல்களால் வெளிச்சம் விழுந்து சுவர் வெள்ளை வெளேரென்று மின்னியது. உண்மையைச் சொன்னால், அவ்வளவு நன்றாக நான் வாழ்நாளில் எதையும் கழுவியதில்லை. மதாம் சுவரை விரலால் தடவி விரலைப் பார்த்தார். விரலில் ஒன்றும் இல்லை.

"எப்போது?"

"கொதிப்புக்கு முதல். பூசைக்கு."

"நான் சொன்னேனே. மேலே ஒன்றையும் தொடுவதில்லை என்று."

"ஓம், மதாம். ஒருவரும் தொடவில்லை என்று நினைத்தேன். அதனால் தொட்டேன்."

அவர் படியில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. நான் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தெளிவான குரலில் கேட்டார்:

"சிலந்திகள்?"

"முற்றத்தில். உயிரோடு."

"அதுவாவது நல்லது." சுவரைத் திரும்பிப் பார்த்தார். "அப்படியென்றால் காற்று சாகவில்லை."

"இல்லை, மதாம்."

"நீங்கள் சுவரைத்தான் கொன்றிருக்கிறீர்கள். சுவர் திரும்ப அழுக்காகும். அதற்குப் பாரிஸ் உதவி செய்யும்." எழும்பினார். "நான் கொண்டுவந்த பீப்பாக்களின் மரத்தில் பழைய பியரின் உயிர் இருக்கும். அது மெல்ல எழும்பும். சன்னல் காற்றால் வந்ததும் கொஞ்சம் இருக்கும். வெள்ளிக்கிழமை வரை ஈஸ்டைத் தொடவேண்டாம்." கீழ்ப்படிக்குப் போனவர் திரும்பி, மிகவும் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "தொடவேண்டாம் என்றால், தொடாதீர்கள் என்று அர்த்தம்."

கீழே வந்து உறையைக் கிழிக்கவில்லை, மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். பிறகு என் தாளை எடுத்தார்.

"வெள்ளிக்கிழமை நான் இதை எழுதும்போது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

பேனையை எடுத்தார். தன் கையால் எழுதிய அந்தக் கடைசி வரியை மட்டும் கோடு போட்டு அடித்தார். ஓரத்தில் தன் பெயரின் முதலெழுத்துகளை இட்டார். தாளை என்னிடம் நீட்டினார்.

"இந்த வரி அவர்களுக்குத் தேவையில்லை. மற்றதெல்லாம் உண்மை. வியாழக்கிழமை போய்வாருங்கள்."

தவம் அண்ணை பின்னால் வந்து காதுக்குள், "பாத்தியா, கையெழுத்து இருக்கு. நான் சொன்னது சரிதானே?" என்றார். அவர் சொன்னதும் ஒருவகையில் சரிதான். வியாழக்கிழமை பிரெஃபெக்தூரில் அந்த அடித்த வரியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அட்டை கிடைத்தது. எனக்கு மட்டும் அந்தக் கோடு இன்றைக்கும் தெரிகிறது. அந்த வரியை மதாம் எனக்கு மறுபடி எழுதித் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை. ஆனால் அடுத்த வருடம் பீப்பா அறையின் சாவியைத் தந்தார். அதற்கடுத்த வருடம், எந்தப் பீப்பாவை எதோடு கலப்பது என்று என் மூக்கைக் கேட்கத் தொடங்கினார். பதினாலு பீப்பா பக்கத்துக் கட்டடத்துக்கும் பரவி, இப்போது நீங்கள் எண்ணிக் களைக்கும் அளவுக்கு நிற்கிறது. சனிக்கிழமைகளில் பார்க்க வருபவர்களை மேலே கூட்டிப்போய், இந்தச் சிலந்தி வலைகள் நூறு வருடப் பழசு என்று சொல்கிறார்கள். அதில் ஒன்றுக்கும் எட்டு வயதுக்கு மேல் இல்லை. தயவுசெய்து நீங்களும் திருத்தவேண்டாம்.

நான் உண்மையைச் சொன்னதால் எல்லாம் சரிவந்தது என்று மட்டும் நினைக்காதீர்கள். கஞ்சிக்குக் காது இல்லை. தவம் அண்ணை எல்லாம் பூசையால்தான் என்பார். மதாம் பீப்பா மரத்தால் என்பார். பெல்ஜியத்து ஆசிரியரிடம் கேட்டால், குளிருக்கு இந்தப் பியர் சில வருடங்களில் நுரைக்கப் பிந்தும், பதறுவது மட்டும் முந்தும் என்பார். எது சரி என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது, அந்தத் திங்கட்கிழமை பின்னேரம் ஈஸ்டைப் போட்டிருந்தால் இவர்கள் மூன்று பேருக்கும் காரணம் பேச ஒன்றும் இருந்திருக்காது என்பதுதான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. காலை ஏழரைக்கு மூன்றாம் பீப்பாவிலும் ஒன்பதாம் பீப்பாவிலும் நுரை தள்ளியிருந்தது. பின்னேரத்துக்குள் இன்னும் நாலு நுரைத்தன. மற்ற எட்டும் அன்றைக்குச் சும்மா இருந்தன. மதாம் பிரசல்ஸுக்கு, தன் ஆசிரியருக்குத் தொலைபேசி எடுத்தார். தவம் அண்ணை ஈஸ்ட் பொதியை அப்பம் சுட வீட்டுக்குக் கொண்டுபோனார். நான் கீழ்த்தளத்தைக் கழுவிவிட்டு, ஐந்து மணி ரயிலில் வீட்டுக்குப் போனேன்.